தகடூர் யாத்திரையும் இணையச் சுட்டிகளும்

தகடூர் யாத்திரை, இன்று தருமபுரி எனப்படும் தகடூரில் அதியமானுக்கும் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் நடந்த போரைப் பொருளாகக் கொண்ட பழந்தமிழ் நூல். முழு நூல் கிடைக்கவில்லை. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே இன்று படிக்கக் கிடைக்கின்றன. அவையும் அந்நூலின் சொந்த ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தவை அல்ல. புறத்திரட்டு என்ற தொகைநூலிலும் தொல்காப்பிய உரைகளிலும் வேறு யாரோ எடுத்து எழுதி வைத்ததால் பிழைத்தவை.

இந்நூல் தொலைந்த விதமும், தொலைந்த பின்னும் அதில் ஒரு பகுதி மிஞ்சிய விதமும் இலக்கிய வரலாற்றுச் செய்தி மட்டுமல்ல. இணையத்தில் தமிழில் எழுதும் ஒவ்வொருவரும் சந்திக்கும் கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. பலர் கூடும் பொது இடத்தில் ஒரு செய்தியைச் சொல்ல வருபவர் அந்தச் செய்தியையே அங்கே வைக்க வேண்டுமா? அல்லது ‘விவரம் என் தளத்தில் இருக்கிறது’ என்று ஒரு சுட்டியைக் கொடுத்துவிட்டுப் போகலாமா? சுட்டி போதும் என்பவர்கள் பெருகிவிட்ட காலம் இது. அந்தப் பழக்கத்தின் மீதான விமர்சனமே இக்கட்டுரை.

பெயர் மட்டும் எஞ்சியவை

தமிழில் தொலைந்த நூல்களின் பட்டியல் நீளமானது. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்து போன தமிழ் நூல்கள்’ என்று ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, பெயர் மட்டும் தெரிந்தவை. மற்றொன்று, பெயரோடு சில பாடல்களாவது கிடைப்பவை.

இறையனார் களவியல் உரை முச்சங்க வரலாற்றைச் சொல்லும்போது முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று அடுக்கிக்கொண்டு போகிறது. அந்த நூல்களிலிருந்து ஒரு வரிகூட அங்கே இல்லை. எனவே அவற்றில் என்ன இருந்தது என்பதல்ல, அவை உண்மையில் இருந்தனவா என்பதே அறிஞர்களிடையே விவாதமாக இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் இசைக்கும் கூத்துக்கும் தமக்குத் துணையாக இருந்த நூல்களின் பெயர்களைச் சொல்கிறார். அவர் கையில் சில நூல்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை, சில இடங்களில் மேற்கோளும் தருகிறார். ஆனாலும் அவற்றுள் பஞ்சமரபு ஒன்றுதான் பிற்காலத்தில் சுவடி கிடைத்து 1970களில் அச்சேறியது. அது நற்பேறு. மற்றவற்றைப் பற்றி நமக்குத் தெரிவது அவர் எடுத்துக் காட்டிய அளவே. இன்னும் நான்கு பக்கம் எடுத்துக் காட்டியிருந்தால் பழந்தமிழ் இசை பற்றிய எத்தனையோ சண்டைகள் இன்று இருக்காது.

உரையாசிரியர்கள் மீது குறை சொல்வதற்கில்லை. அவர்கள் காலத்து மாணவனுக்கு அந்த நூல் பக்கத்து ஊர் மடத்திலோ ஆசிரியர் வீட்டுப் பரணிலோ இருந்தது. ‘அதில் கண்டுகொள்க’ என்று எழுதினால் அவன் போய்க் கண்டுகொள்வான் என்று நம்பினார்கள். கண்டுகொள்ளும் இடம் ஒருநாள் இல்லாமற் போகும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இன்று சுட்டி கொடுப்பவரும் அப்படி நினைப்பதில்லை.

புறத்திரட்டின் வழி

புறத்திரட்டைத் தொகுத்தவர் யார் என்று தெரியாது. சுமார் முப்பது நூல்களிலிருந்து 1,500க்கு மேற்பட்ட பாடல்களை எடுத்து, திருக்குறளைப் போல அதிகாரங்களாக அடுக்கியிருக்கிறார். எஸ். வையாபுரிப்பிள்ளை அதைப் பதிப்பித்து, 1930களின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தகடூர் யாத்திரைப் பாடல்களில் பெரும்பகுதியும், முத்தொள்ளாயிரத்தில் இன்று நாம் படிக்கும் நூற்றுச்சொச்சம் பாடல்களும், வளையாபதி, குண்டலகேசி ஆகிய காப்பியங்களின் துண்டுகளில் பலவும் நமக்குக் கிடைத்திருப்பது இந்தப் பெயர் தெரியாத மனிதரின் கைவேலையால்தான்.

அவர் செய்தது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். ‘போர் பற்றிய நல்ல பாடல்களுக்குத் தகடூர் யாத்திரையைப் பார்க்க’ என்று அவர் எழுதவில்லை. பாடலை முழுதாக எழுதினார். அது எந்த நூலிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் குறித்தார். பொருளும் இருந்தது, பொருளுக்கு உரியவரின் முகவரியும் இருந்தது. முகவரி சுட்டிய வீடு இடிந்துபோனது, பொருள் நம்மிடம் இருக்கிறது. இணையத்தில் நல்ல பகிர்வு என்று எதைச் சொல்லலாம் என்று கேட்டால் இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வளையாபதியின் கதை இன்னும் அருகில் நடந்தது. திருவாவடுதுறை மடத்தில் தாம் படித்த காலத்தில் வளையாபதி ஏட்டைப் பார்த்ததாகவும், பழைய நூல்களைப் பதிப்பிக்கத் தொடங்கிய பின் தேடியபோது அது அங்கே இல்லை என்றும் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். ஒரு தலைமுறைக்குள் நடந்த இழப்பு இது. மடம் இருந்தது, நூலகம் இருந்தது, தேடிப் போனவரும் தமிழ்நாட்டிலேயே சுவடி தேடுவதில் கைதேர்ந்தவர். ஏடுதான் இல்லை.

புறத்திரட்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும். தகடூர் யாத்திரை பாட்டும் உரைநடையும் கலந்த நூல் என்று தொல்காப்பிய உரையாசிரியர்களின் குறிப்பால் தெரிகிறது. செய்யுளியலில் ‘தொன்மை’ என்ற வனப்புக்கு அதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். புறத்திரட்டுத் தொகுத்தவர் பாட்டை மட்டும் எடுத்தார், உரைநடையை விட்டுவிட்டார். அதிகாரத் தலைப்புக்குப் பொருந்திய பாட்டை மட்டும் எடுத்தார், கதைத் தொடர்ச்சியை விட்டுவிட்டார். ஆகவே கோட்டை எப்படி முற்றுகையிடப்பட்டது, எத்தனை நாள் தாங்கியது, யார் முதலில் விழுந்தார் என்ற வரிசை நமக்குக் கிடைக்கவில்லை. அரிசில் கிழாரும் பொன்முடியாரும் களத்தை நேரில் கண்டவர்கள் போலப் பேசும் குரல்கள் மட்டும் கேட்கின்றன, அவர்கள் எங்கே நின்று பேசுகிறார்கள் என்பது தெரியவில்லை. அரைகுறையாகப் பகிர்ந்தால் அரைகுறையாகத்தான் பிழைக்கும். தருமபுரியின் பண்டை வரலாற்றை எழுத வருபவர்கள் இன்றும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நெல்லிக்கனி

அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி தந்த செய்தி புறநானூற்றின் 91ஆம் பாட்டில் இருக்கிறது. தருமபுரி மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். ஆனால் அந்தப் பாட்டில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி உண்டு. கனியின் பெருமையை அதியமான் சொல்லவில்லை. எளிதில் எட்டாத மலைப்பிளவில் விளைந்தது, உண்டவருக்குச் சாவு இல்லை என்பதையெல்லாம் தன் மனத்துக்குள் வைத்துக்கொண்டு, கனியைக் கையில் கொடுத்துவிட்டான். ஔவையாருக்கு விவரம் பிறகே தெரிந்தது.

இன்றைய பொது இணையப் பக்கங்களில் பல நேரம் நடப்பது இதற்கு நேர்மாறு. கனியின் பெருமை நான்கு வரி. ‘தகடூர்க் கோட்டை பற்றி இதுவரை யாரும் சொல்லாத அரிய தகவல்கள்’ என்று ஒரு தலைப்பு. கனி இருக்கும் மலைக்கு ஒரு சுட்டி. சொடுக்கிப் போனால் விளம்பரம் மூன்று, பதிவு செய்யச் சொல்லும் பெட்டி ஒன்று, கீழே வேறொரு நூலிலிருந்து எடுத்த இரண்டு பத்தி. பந்தியில் இலையைப் போட்டு உட்கார வைத்துவிட்டு, சோறு என் வீட்டில் இருக்கிறது, அங்கே வாருங்கள் என்று சொல்வது எந்த ஊர் விருந்து?

விக்கிப்பீடியா போன்ற பொதுக் களஞ்சியங்கள் இந்தப் பழக்கத்தை வெகு சீக்கிரமே அடையாளம் கண்டுகொண்டன. தன் சொந்தத் தளத்துக்குத் தானே இணைப்புத் தருவதை அங்கே ஊக்குவிப்பதில்லை. 2007இல் விக்கிப்பீடியா தன் வெளியிணைப்புகள் அனைத்துக்கும் ஒரு குறியீட்டைச் சேர்த்தது. அதன் பிறகு அங்கே இணைப்பு இடுவதால் தேடுபொறியில் ஒரு தளத்தின் மதிப்பு உயர வழியில்லாமல் போனது. விளம்பரத்துக்காக இணைப்பு இடுபவர்களின் ஆசையைக் குறைக்கும் ஏற்பாடு அது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது, அவ்வளவும் யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லி எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர்களில் பலருக்குச் சொந்த வலைத்தளமும் இருந்தது. அங்கே இருந்ததை இங்கே சுட்டுவதோடு அவர்கள் நின்றிருந்தால் அந்த இலட்சத்தில் பாதிகூட வந்திருக்காது என்று கருத இடமுண்டு.

இடிந்த வீடுகள்

சுட்டி இறந்துபோவது அரிதான விபத்து அல்ல, வழக்கமான நிகழ்வு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் திறக்கவில்லை. பனையோலை ஏடு நன்றாகப் பேணப்பட்டால் இருநூறு முந்நூறு ஆண்டு தாங்கும். பத்தாண்டில் நூற்றுக்கு முப்பத்தெட்டு போவது கரையானைவிட வேகம்.

இலவசமாகச் சொந்தப் பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26 அன்று மூடப்பட்டது. தமிழில் முதன்முதலாகத் தனித்தளம் வைத்தவர்களில் சிலரும் அங்கே குடியிருந்தவர்களே. ஆர்வலர்கள் முடிந்ததை நகலெடுத்துக் காத்தார்கள், முடியாதது போயிற்று. கூகுள் பிளஸ் 2019இல் நின்றது. யாகூ குழுமங்கள் 2020இல் முற்றாக மூடப்பட்டன. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுமங்கள் தங்கள் தொடக்க காலத்தில் கூடிப் பேசிய இடம் அது. அங்கே பாடம் முழுவதையும் எழுதியவரின் எழுத்தைப் பிறர் தம் கணினியில் சேமித்து வைத்திருக்க வாய்ப்பு உண்டு. சுட்டி மட்டும் கொடுத்தவரின் எழுத்தை யாரும் சேமித்திருக்க முடியாது, ஏனெனில் சேமிக்க அங்கே எதுவும் இல்லை.

தமிழுக்கு மட்டுமே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துருவை வைத்திருந்தது. எழுத்துருவை இறக்கிக்கொள்ளாமல் படிக்க முடியாது. அந்தத் தளங்களில் சில இன்றும் உயிரோடு இருக்கின்றன. சுட்டியை அழுத்தினால் திறக்கும், ஆனால் திரையில் தெரிவது ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த கூளம். முகவரி சரியாக இருக்கிறது, வீடு நிற்கிறது, உள்ளே இருப்பவர் பேசுவது மட்டும் விளங்கவில்லை.

இதே எழுத்துருச் சிக்கலை மதுரைத் திட்டம் கடந்த விதம் கற்றுக்கொள்ளத் தக்கது. 1998 பொங்கலன்று தொடங்கிய அந்த முயற்சியை ஒருங்கிணைத்தவர் சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து அனுப்பினார்கள். நூல்கள் முதலில் மயிலை எழுத்துருவில் வந்தன, பின்னர் திஸ்கிக்கு மாறின, அதன் பின்னர் ஒருங்குறிக்கு வந்தன. நூலின் பாடம் கோப்பாகக் கையில் இருந்ததால்தான் இந்த மாற்றம் முடிந்தது. ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் ஒரு குறிப்பு இருந்தது: இம்முகப்பை நீக்காமல் கோப்பை யாரும் யாருக்கும் வழங்கலாம். உள்ளிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் அந்த முகப்பில்தான் இருந்தன. புறத்திரட்டுத் தொகுத்தவர் பாடலுக்கு நூற்பெயர் குறித்ததும் இதுவும் ஒரே வேலை. இன்று கைப்பேசியில் புறநானூறு படிக்கும் மாணவர் எந்தச் செயலியைத் திறந்தாலும், அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் மதுரைத் திட்டத் தன்னார்வலர் ஒருவரின் விரல்வேலையாகவே இருக்கும்.

ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்துக்குத் தமிழர் அறிந்த கொடிய சான்று யாழ்ப்பாணம். 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவையும் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்ததற்கு அந்த நினைவும் ஒரு காரணம். அட்டவணை மட்டும் போட்டிருந்தால் அது இன்னொரு ‘முதுநாரை, முதுகுருகு’ ஆகியிருக்கும்.

சுட்டி தருபவரின் நியாயம்

எதிர்ப்பக்கத்திலும் வலுவான வாதங்கள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவது பிழை பற்றியது. தன் தளத்தில் இருந்தால் எழுதியவர் தவறு கண்டவுடன் திருத்தலாம். பத்து இடத்துக்கு நகல் போய்விட்டால் பத்தையும் யார் திருத்துவது? மதுரைத் திட்டக் கோப்புகளுக்கே இது நேர்ந்தது. மூலக் கோப்பில் தட்டச்சுப் பிழை திருத்தப்பட்ட பின்னும் முன்பு நகலெடுத்த தளங்களில் அதே பிழை நிற்கிறது, அந்தத் தளங்களிலிருந்து நகலெடுத்தவர்களிடமும் நிற்கிறது. தேடுபொறியில் பிழையான வடிவமே முதலில் வருவதும் உண்டு.

வாதம் உண்மைதான். ஆனால் ஏடு பெயர்த்து எழுதிய காலத்திலும் இதுதான் நடந்தது. பாடவேறுபாடு என்று நாம் மரியாதையாகச் சொல்வதில் பாதி எழுதுவோர் கைப்பிழை. அப்படியிருந்தும் சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் திருத்தமாகப் பதிப்பிக்க முடிந்தது எதனால்? பல ஊர்களில் பல நகல்கள் இருந்ததால். ஒன்றில் சிதைந்தது மற்றொன்றில் இருந்தது, ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுத்தது. ஒரே நகல் இருந்தால் அதில் பிழை இருப்பதே தெரியாது. நகலோடு மூலத்தின் முகவரியும் போனால் திருத்தத்தைத் தேடி வர வழியும் இருக்கும். முகவரி இல்லாத நகல்தான் சிக்கல்.

இரண்டாவது வாதம் உழைப்பைப் பற்றியது. ஒருவர் பல ஆண்டு அலைந்து சேர்த்த செய்தியைப் பொதுவில் கொட்டினால் மறுநாள் அது யாருடையது என்றே தெரியாமல் போகிறது. வாட்ஸ்அப்பில் நாளும் பார்க்கிறோம். எழுதியவர் பெயர் முதல் கைமாற்றத்திலேயே உதிர்ந்துவிடுகிறது, மூன்றாவது கைமாற்றத்தில் வேறொருவர் பெயர் முளைக்கிறது. பெயர் உதிர்வதால் எழுதியவருக்கு மட்டும் இழப்பு என்று எண்ண வேண்டாம், படிப்பவருக்கும் இழப்புத்தான். ஔவையார் இதற்குச் சரியான சான்று. அதியமான் அவைக்கு வந்து, அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற சங்ககால ஔவையார் ஒருவர். ஆத்திசூடி பாடிய ஔவையார் பல நூற்றாண்டு பின்னர் வந்தவர். இவர்கள் இருவருக்கு நடுவிலும் பின்னும் கதைகளாலும் தனிப்பாடல்களாலும் சேர்ந்த ஔவையார்கள் எத்தனையோ. பாட்டு வாய்வழியாக ஓடியது, எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு கூட ஓடவில்லை. விளைவு, தருமபுரியிலேயே பத்தாம் வகுப்பு மாணவர் விடைத்தாளில் அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய கையோடு ஔவையார் கொன்றை வேந்தன் எழுதப் போய்விடுகிறார். மதிப்பெண் குறைப்பதா, சிரிப்பதா என்று திருத்துபவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே பொருளைப் பகிர்வது என்றால் உரியவர் பெயரை உரித்துவிட்டுப் பகிர்வது ஆகாது. பிறருடைய எழுத்தை அனுமதியின்றி முழுதாக எடுத்துப் போடுவதும் பகிர்வு ஆகாது, அது சட்டப்படியும் குற்றம். இந்தியாவில் எழுதியவர் மறைந்து அறுபது ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. அந்த எல்லைக்குள் இருக்கும் பிறர் நூலுக்குச் சுருக்கமும், அளவான மேற்கோளும், சுட்டியுமே நியாயமான வழி. இங்கே சுட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இக்கட்டுரையின் குறை வேறு. தன்னுடைய செய்தியைத் தானே பொதுவில் வைக்கத் தடை ஏதும் இல்லாதவர், படிப்பவரைத் தன் வாசலுக்கு வரவழைக்க வேண்டும் என்பதற்காகவே அதை மறைத்து வைப்பதுதான் குறை. பிறருக்கு உரியதும் அல்லாமல் தனக்கு உரியதும் அல்லாமல் பொதுவுக்கு வந்துவிட்ட பொருளை அப்படி மறைப்பது இன்னும் பெரிய குறை.

பின் சொன்னதற்குத் தருமபுரியிலேயே இடமுண்டு. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதிக் காலத்தில் பாப்பாரப்பட்டியில் தங்கி 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்தார். அவர் நடத்திய ஞானபாநு இதழில் பாரதியும் வ.உ.சி.யும் எழுதியிருக்கிறார்கள். சிவாவின் எழுத்துகளுக்குப் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவை எல்லோருக்கும் உரியவை. அத்தகைய பழைய இதழ் ஒன்று வீட்டில் கிடைத்தவர் அதன் அட்டையை மட்டும் படமெடுத்துப் பொதுவில் காட்டி, உள்ளே இருப்பதைத் தன் தளத்தில் பூட்டி வைத்தால், அவர் காப்பது எதை? பாரதியின் எழுத்தைத் தமிழக அரசு 1949இல் பொதுவுடைமையாக்கியது. பின்னர் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களுக்கு மரபுரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை என்று அறிவித்திருக்கிறது. அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டு, தன்னார்வலர்களால் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன. மக்கள் வரிப்பணத்தில் திறந்த கதவுக்குத் தனியொருவர் பூட்டுப் போடுவது வேடிக்கை.

நடுகற்கள்

தருமபுரி மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி மிக அவசரமானது. காரணம் நடுகற்கள். ஆநிரை மீட்டு இறந்தவர்கள், புலியோடு போரிட்டு இறந்தவர்கள், ஊர் காத்து விழுந்தவர்கள் என இங்கே வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் கற்கள் ஏராளம். வட்டெழுத்தில் அரசன் ஆட்சியாண்டும் வீரன் பெயரும் ஊர்ப் பெயரும் பொறித்தவை பல. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970களில் தருமபுரிக் கல்வெட்டுகளைத் தொகுதியாக வெளியிட்டது. கல் எங்கே இருக்கிறது என்பதோடு, கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்ற முழுப் பாடமும் அப்படிப்பட்ட தொகுதிகளில் உண்டு.

அந்த முகவரிகள் இன்று பல இடங்களில் பொருந்தவில்லை. சேலத்திலிருந்து 1965இல் பிரிந்த தருமபுரி மாவட்டம் 2004இல் மறுபடி இரண்டாகி, ஊத்தங்கரை வட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போய்விட்டது. வட்டங்கள் பிரிந்து புதிய வட்டங்கள் வந்துவிட்டன. ஏரி மேடாகியிருக்கிறது, சாலை அகலமாகியிருக்கிறது. அன்று சுட்டிய இடத்தில் இன்று கல் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் தொகுதியில் அச்சான பாடம் அப்படியே இருக்கிறது. கல் போனாலும் அந்த வீரன் பெயர் போகவில்லை.

இப்போது புதிதாகக் கல்லைக் காண்பவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்கள், ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள். அவர்களுடைய உழைப்பு மெச்சத்தக்கது, அலைச்சலும் கைக்காசும் அவர்களுடையவை. ஆனால் அதில் ஒரு பகுதி வெளிவரும் விதம் கவலை தருகிறது. எழுத்தின் குறுக்கே தளத்தின் பெயரை அச்சடித்த ஒரு படம். ‘எட்டாம் நூற்றாண்டு நடுகல் கண்டுபிடிப்பு’ என்று ஒரு வரி. வாசகம் என்ன என்று கேட்டால் தளத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள், தளத்தில் போய்ப் பார்த்தால் விரைவில் நூலாக வரும் என்று இருக்கிறது. சிலை, கல் திருடுவோருக்குப் பயந்து சரியான இடத்தை மறைப்பது புரிந்துகொள்ளத் தக்கது. அதற்கு ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, துல்லியமான இடத்தைத் தொல்லியல் துறைக்கும் அருங்காட்சியகத்துக்கும் மட்டும் தெரிவிக்கலாம். வாசகத்தை மறைப்பதற்கு அந்தக் காரணமும் இல்லை. எழுத்தைப் படித்துச் சொன்னால் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஒரு கல்லின் பாடம் என்ன செய்யும் என்பதற்கு ஜம்பை சாட்சி. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை மலையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒரே வரிதான். அதியமான் நெடுமான் அஞ்சி அங்கே பாளி ஒன்றைக் கொடையாகத் தந்தான் என்பது அதன் செய்தி. அவனுக்கு அதில் உள்ள அடைமொழி, அசோகர் கல்வெட்டுகள் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்று நெடுங்காலமாக நடந்த வாதத்தைத் தருமபுரிப் பக்கம் திருப்பியது. கண்டவர்கள் வாசகத்தை எழுத்து எழுத்தாக வெளியிட்டதால், பார்க்காதவர்களும் படித்து, ஒத்தும் மறுத்தும் எழுத முடிந்தது.

புதிய நடுகல் ஒன்றைக் கண்டவர் பொதுவில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. எழுத்தின் மேல் எதுவும் அச்சடிக்காத படம் ஒன்று, வரிவரியாகப் படித்த வாசகம், படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி, ஊர்ப் பெயரும் கண்ட நாளும், கடைசியில் கண்டவர் பெயர். விரும்பினால் அதன் கீழே தளத்தின் முகவரியும் இருக்கட்டும். புள்ளி வைத்த இடத்தில் என்ன எழுத்து என்று பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ இருக்கும் வேறொருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லக்கூடும்.